பம்பு செட்டின் பின்னால் வந்த வெளிச்சம்

ஓர் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று அரசு எப்போது கணக்கில் எழுதும்? 1997 வரை இந்தியாவில் இதற்கு இருந்த விடை எளியது. ஊரின் வருவாய் எல்லைக்குள் எங்கேயாவது, எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம். குடியிருப்புகளைத் தாண்டி, கடைசி வயலின் மூலையில் உள்ள ஒரு கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினாலே போதும். 1997இல் அந்த விதியைக் கொஞ்சம் இறுக்கி, மக்கள் வசிக்கும் பகுதிக்குள் மின்சாரம் பயன்பட வேண்டும் என்றார்கள். 2004இல் வந்த வரையறைதான் குறைந்தது 10 சதவீத வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்றது. பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம், மருந்தகம் போன்ற பொது இடங்களுக்கும் மின்சாரம் தரப்பட்டிருக்க வேண்டும் என்றது. நாட்டின் முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் அங்கமாக 1952இல் தொடங்கியவை. அவற்றுக்கு மின்சாரம் தேவை என்பது கிராம மின்மயத்தின் இலக்கணத்துக்குள் நுழைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இதை எழுத்தர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. கம்பி யாருக்காக இழுக்கப்பட்டது என்பதன் நேர்மையான பதிவு அது. தமிழகத்தில் கிராமத்து மருத்துவமனைக்கு மின்சாரம் வந்த கதையைப் பாசனத்தின் கதையோடு சேர்த்துப் படித்தால்தான் புரியும். இன்று அங்கே மிஞ்சியிருக்கும் குறைகளும் அப்போதுதான் புரியும்.

சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் நகரத்து மின்சாரம் நகர எல்லையோடு நின்றது. தனியார் கம்பெனிக்குக் கட்டுபடியாகும் தெருக்களை விட்டு அது நகரவில்லை. கிராமத்தின் பக்கம் அதைத் திருப்பியது மலையிலிருந்து விழுந்த தண்ணீர். நீலகிரியில் பைக்காரா 1932இல் மின்சாரம் தந்தது. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். பைக்காராவின் மின்சாரத்தைக் கோவையின் பஞ்சாலைகள் எடுத்துக்கொண்டன. ஆலைகளுக்குப் போன கம்பிகளின் வழியில் கிணறுகள் இருந்தன. கொங்கு நாட்டின் கிணறு ஆழமானது, கமலை இறைத்து மாடும் மனிதரும் ஓய்ந்துபோன கிணறு. அங்கே மோட்டார் பரவிய வேகம் யாரும் திட்டமிட்டதைவிட அதிகம். நாடு விடுதலை பெற்றபோது இந்தியா முழுவதும் மின்வசதி பெற்றிருந்தவை சுமார் 1,500 கிராமங்களே. அவற்றில் சென்னை மாகாணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1957இல் மின்வாரியம் அமைந்தது. 1965-66 வறட்சிக்குப் பிறகு கிராம மின்மயம் என்றாலே பம்பு செட் என்ற எண்ணம் நாடெங்கும் வலுத்தது. 1969இல் ஊரக மின்மயக் கழகம் உருவானதன் பின்னணியும் அதுதான். அந்தக் காலத்தில் மின் பம்பு செட்டுகள் அதிகம் இருந்த மாநிலம் தமிழகம்.

இதற்காகப் பம்பு செட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மோட்டார் இல்லையென்றால் எண்பதுகளில்கூடப் பல ஊர்களுக்குக் கம்பி வந்திருக்காது. பாசனத்துக்கு ஆற்றையும் மழையையும் நம்பிய வட மாநிலங்கள் பலவற்றில் மின்சாரம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைப் பார்த்தால், தமிழகத்துச் சுகாதார நிலையங்கள் விவசாயிக்குப் பெரிதும் கடன்பட்டவை என்பது தெரியும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பொருள் எந்தத் தேவைக்காக ஊருக்குள் வருகிறதோ அந்தத் தேவையின் குணத்தையும் கூடவே கொண்டுவருகிறது. வயலுக்குத் தண்ணீர் இன்று பகலில் பாயாவிட்டால் இரவில் பாயலாம், இன்று இல்லாவிட்டால் நாளை பாயலாம். அதனால் முறை வைத்துச் சில மணி நேரம் மும்முனை மின்சாரம், மற்ற நேரம் ஒருமுனை என்ற ஏற்பாட்டோடு பயிர் ஒத்துப்போனது. அந்த ஏற்பாட்டின் மேல் சுகாதார நிலையத்தையும் தொங்கவிட்டோம்.

மின்சாரத்துக்கு முந்திய மருத்துவமனை சூரியனை வைத்துக் கட்டப்பட்டது. பழைய அரசு மருத்துவமனைகளின் உயர்ந்த கூரையையும் ஆளுயரத்தைத் தாண்டிய சன்னல்களையும் அழகுக்கென்று நினைப்போம். அந்தச் சன்னல்தான் அறுவை மேசையின் விளக்கு. பகலில் கத்தி வைப்பார்கள். இரவில் தவிர்க்க முடியாமல் வைக்க வேண்டி வந்தால் விளக்கே பகையாகும். ஈதர் ஆவி திறந்த சுடரைக் கண்டால் பற்றிக்கொள்ளும். குளோரோஃபார்ம் எரியாது, ஆனால் சுடரின் சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தரும். மூடிய அறையில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் சேர்த்து மூச்சு முட்டும். ஆகவே மின்விளக்கு அறுவை அறைக்குள் வந்தது வெளிச்சத்தைக் கூட்டியதோடு நிற்கவில்லை. மயக்க மருந்தை இரவிலும் பயமில்லாமல் கொடுக்க வழி செய்தது. 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் திறக்கப்பட்டது. எக்ஸ்ரே படமெடுக்கவும் கதிர்வீச்சுச் சிகிச்சை தரவும் தனியாக ஒரு நிலையமே அமைக்கும் அளவுக்கு நகரத்து மருத்துவம் மின்சாரத்தோடு பிணைந்துவிட்டிருந்தது. அதே காலத்தில் கிராமத்து மருந்தகத்தில் அரிக்கேன் விளக்கும் பெட்ரோமாக்ஸும், ஊசியைக் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் அடுப்பும்தான் இருந்தன. ஒரே மாகாணத்தில் இரண்டு மருத்துவங்கள் நடந்தன. படிப்பிலும் பணத்திலும் இருந்த இடைவெளி போதாதென்று எரிபொருளிலும் ஓர் இடைவெளி சேர்ந்துகொண்டது.

அந்த இடைவெளி இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய பொதுச் சுகாதார வெற்றி கிராமங்களில்தான் நடந்தது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. அப்போது பெரும்பாலான ஊர்களில் குளிர்பெட்டி என்பதைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. அது எப்படி முடிந்தது என்பதற்கு விடை கிண்டியில் இருக்கிறது. கன்றின் தோலிலிருந்து எடுத்துத் திரவமாக அனுப்பிய பழைய அம்மைப்பால் நம் வெயிலில் சில நாட்களிலேயே வீரியம் இழந்துவிடும். உறையவைத்து உலர்த்திய தடுப்பூசி வந்த பிறகு நிலைமை மாறியது. 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்க வேண்டும் என்பது அதன் தர நிபந்தனை. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிலையங்களில் கிண்டி கிங் நிலையமும் ஒன்று. மின்சாரம் முழுக்க ஓரிடத்தில், தயாரிக்கும் இடத்தில், செலவழிந்தது. ஊருக்குப் போனது உலர்ந்த தூளும் இரட்டை முனை ஊசியும். கம்பி போகாத இடத்துக்கும் மருந்து போயிற்று. மருத்துவம் மின்சாரப் பற்றாக்குறையை வென்றுவிட்டது என்று அன்று தோன்றியிருக்கலாம். உண்மையில் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது.

1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது அந்த வளைவுப் பாதை மூடியது. போலியோ சொட்டு மருந்து சூட்டில் கெடும். முத்தடுப்பு ஊசி உறைந்தாலே கெட்டுவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும், ஒவ்வொரு நாளும், ஆண்டு முழுவதும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் கவனம் கேட்கும் முதல் மின்கருவி நுழைந்தது அப்போதுதான். ஐ.எல்.ஆர். என்று ஊழியர்கள் சொல்லும் அந்தப் பெட்டியின் சுவர்களுக்குள் பனிக்கட்டிப் படலம் உண்டு. கரண்ட் இருக்கும்போது குளிரைப் பனியாகச் சேமித்து, இல்லாதபோது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடும். ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தால்கூடப் போதும் என்பது அதன் சிறப்பு. எனக்கு இது வெறும் தொழில்நுட்பக் குறிப்பாகத் தோன்றவில்லை. கிராமத்தில் எட்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் பிழைக்கும்படி ஒரு பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் வற்புறுத்திய துடிப்பு முறையிலும், அதாவது ஒரே சமயத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து என்பதிலும், இப்படி ஒரு பக்கப்பயன் இருந்தது. அதன் நோக்கம் நோய்ப்பரவலைத் துண்டிப்பதுதான். ஆனால் பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியில் ஒரு நாள் குளிர் நின்றாலே முகாம் நடந்துவிடும். குப்பியின் மேல் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் சிறு சதுரமும் இதே வரிசையில் சேரும். 2011 சனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயல்பான போலியோ வைரஸ் யாரையும் முடக்கவில்லை. இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதன் நிழலில் ஒன்று நடந்தது: குறைந்த மின்சாரத்தை மருத்துவம் திறமையாகச் சமாளித்ததால், மின்சாரம் குறைவாக இருப்பதே ஒரு பிரச்சினை என்பது மறந்துபோனது.

பிரசவம் அந்த மறதியைக் கலைத்தது. தடுப்பூசிக்கு நாள் குறிக்கலாம், புறநோயாளியைப் பகலில் வரச் சொல்லலாம். வலி எடுக்கும் நேரத்தை யாரும் குறிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. 2015-16இல் நூற்றுக்கு 99 பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. இந்த மாற்றத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு பகலாகத் திறந்து வைக்கப்பட்டன. மூன்று செவிலியர்கள் முறை மாற்றி இருந்தார்கள். அதுவரை மாலையில் பூட்டிய கட்டடம் இரவு முழுவதும் இயங்கும் இடமானது. கிழிந்த தசையைத் தைக்க, இரத்தப்போக்கின் அளவைக் கண்ணால் கணிக்க, மூச்சுவிடாத சிசுவின் நிறம் நீலமா சிவப்பா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். சளியை உறிஞ்சும் கருவிக்கும், பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்கும் கரண்ட் வேண்டும். வார்மர் இல்லாவிட்டால் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடத்தும் கங்காரு முறை இருக்கிறதே என்று கேட்கலாம். அது 1970களின் இறுதியில் கொலம்பியாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் பிறந்த அரிய முறைதான். ஆனால் இருட்டில் கிழிசலைத் தைப்பதற்கு அப்படி ஒரு மாற்று இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பாசனத்துக்காக வகுத்த மின்வழங்கல் மருத்துவத்தோடு மோதியது. சுகாதார நிலையமும் சுற்றியுள்ள கிணறுகளும் ஒரே ஃபீடரில் இருக்கும். மும்முனை மின்சாரம் வந்த நிமிடத்தில், ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கம்பியின் கடைசியில் உள்ள கட்டடத்தில் வோல்டேஜ் விழும். விளக்கு மங்கும், ஆட்டோகிளேவ் சூடேற மறுக்கும், குளிர்பெட்டியின் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே நிற்கும். கணக்கேட்டைப் பொறுத்தவரை இது மின்தடையே கிடையாது. 2008 முதல் 2014 வரை தமிழகம் கண்ட மின்வெட்டு இதையெல்லாம் பெரிதாக்கிக் காட்டியது. 2012இல் சென்னைக்கு அறிவித்த வெட்டு நாளுக்கு 2 மணி நேரம். பிற மாவட்டங்களில் அறிவித்ததும் அறிவிக்காததுமாகச் சேர்ந்து 10 மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குத் தனி இணைப்பும் பெரிய ஜெனரேட்டரும் இருந்தன. பற்றாக்குறையைப் பங்கிடும்போது யாருக்கு முதலில் நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். கம்பி முதலில் யாருக்காக வந்ததோ, எந்த ஊரின் குரல் தலைமையகத்துக்குக் கேட்குமோ, அந்த வரிசையில்தான் முடிவு அமைந்தது. வேறு வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. குசராத்தில் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் வயலுக்குப் போகும் ஃபீடரை ஊருக்குப் போகும் ஃபீடரிலிருந்து பிரித்தது. பம்புக்கு முறை வைத்த மின்சாரம், ஊருக்கு நாள் முழுவதும். அதன் பாசனக் கொள்கையைப் பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம். கிணற்றின் கடிகாரமும் பிரசவ அறையின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டியது.

மிக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த மின்வெட்டு ஆண்டுகளிலேயே தமிழகத்தின் தாய்-சேய் இறப்பு விகிதம் குறைந்துகொண்டுதான் வந்தது. அப்படியானால் மின்சாரத்தை இவ்வளவு பெரிதாக்குவது ஏன்? செவிலியர் நியமனம், சாலை, 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து விநியோகம், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் ஆகியவையே காரணம் என்பார்கள். காரணங்கள் அவையே என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விளக்கு மட்டும் இருந்து செவிலியர் இல்லாத கட்டடம் யாரையும் காப்பாற்றாது. ஆனால் மாநிலச் சராசரியைக் கொண்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. சாலையும் ஆம்புலன்சும் நன்றாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையம் சமாளிக்க முடியாத தாயை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். தாய் பிழைப்பாள், சராசரியும் இறங்கும். அந்தப் பயணத்தின் செலவும் ஆபத்தும், அந்த நிலையத்தை இனி நம்பாமல் நேரே நகரத்துக்குப் போகும் அடுத்த வீட்டுப் பெண்ணின் முடிவும் சராசரிக்குள் தெரியாது. தமிழகம் மின்சாரக் குறையை வேறு நல்ல ஏற்பாடுகளால் ஈடுகட்டியது என்பதே அந்த எண்களின் பொருள். அந்த ஈடு எல்லா மாநிலத்துக்கும் கிடைக்காது. தமிழகத்திலேயே மலைக் கிராமங்களுக்கு அது முழுதாக எட்டியதில்லை.

ஈடு கிடைக்காத இடத்தில் மின்சாரத்தின் தனிப் பங்கு தெரியும். சத்தீஸ்கர் அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2012 முதல் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியது. பெரும்பாலும் 2 கிலோவாட், ஒரு நடுத்தர வீட்டுக்குப் போதுமான அளவு. எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் பற்றிய தில்லி ஆய்வு மன்றம் ஒன்று 2017இல் அவற்றை ஆராய்ந்து சொன்னது: மின்பற்றாக்குறையோடு தவித்த நிலையங்களைவிடச் சூரிய மின்சாரம் பெற்ற நிலையங்களில் மாதந்தோறும் நடந்த பிரசவங்கள் ஏறத்தாழ இரு மடங்கு, புறநோயாளிகளும் பாதிக்கு மேல் கூடுதல். தகடு பொருத்தப்பட்ட நிலையம் முன்னமே நன்றாக நடந்த நிலையமாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. இத்தகைய ஒப்பீடுகளில் அது எப்போதும் இருக்கும். முழு வித்தியாசத்தையும் மின்சாரத்தின் கணக்கில் எழுத வேண்டாம். பாதியை எழுதினாலே, இரண்டு கிலோவாட்டுக்கு அது பெரிய வரவு.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு ஒதுக்கீடு வேண்டும், ஒதுக்கீட்டுக்கு முன்பணம் வேண்டும். நள்ளிரவில் அதை இயக்க ஓர் ஆளும் வேண்டும். அவசரத்துக்கு என்று வாங்கியதை அன்றாடம் ஓட்டினால் அது அவசரத்தில் நின்றுபோகும். பெருநகரமும் இதற்கு விலக்கில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்த பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கின. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் பலர் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கு மின்தடை மட்டுமே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. நீரில் மூழ்கிய இயந்திரம் உதவாது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. கிராமத்தின் குறை கம்பியின் கடைசியில் இருப்பது. நகரத்தின் குறை, கம்பி ஒருபோதும் அறுபடாது என்று நம்பிக்கொண்டு, ஒரு நிமிடம்கூடக் கரண்ட் இல்லாமல் இயங்க முடியாத மருத்துவத்தைக் கட்டியெழுப்பியது.

சூரிய மின்சாரத்தின் மேலும் பழைய வழக்குகள் உண்டு. எண்பதுகளில் பல நாடுகளில் வைத்த சூரியக் குளிர்பெட்டிகள் பாட்டரி செத்ததும் மூலையில் கிடந்தன. மாற்ற நிதி இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. இந்தக் கசப்பிலிருந்து வந்ததுதான், பாட்டரியை விட்டுவிட்டுச் சூரியனின் ஆற்றலை நேரே பனியாகச் சேமிக்கும் பெட்டி. ஆனால் பிரசவ அறை விளக்கைப் பனிக்கட்டியால் எரிக்க முடியாது. அதற்குப் பாட்டரி வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். மின்சாரத்தை ஒருமுறை பொருத்தி முடிக்கும் கட்டட வேலையாக எண்ணினால் எல்லா ஏற்பாடும் தோற்கும். மருந்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதைப் போல இதற்கும் ஒதுக்க வேண்டும். விவசாயிக்கு 1990 முதல் மின்சாரத்தையே இலவசமாகக் கொடுத்துப் பணத்தை அரசு ஈடுகட்டுகிறது. அதே அரசால் பிரசவ அறையின் பாட்டரிக்கு ஈடு கொடுக்க முடியாது என்ற வாதம் எனக்கு விளங்கவில்லை.

2018 ஏப்ரலில் மணிப்பூரின் லைசாங் கிராமத்துக்குக் கம்பி சென்றபோது இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அந்த வரையறையின்படி அது உண்மைதான். 2023இல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தக்க மின்சாரம் இல்லாத சுகாதார நிலையங்களை நம்பியிருப்பவர்கள் உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேர் என்றது. இணைப்பைப் பற்றிய கணக்கும் நம்பகத்தைப் பற்றிய கணக்கும் இரண்டு வெவ்வேறு உலகங்களைக் காட்டுகின்றன. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ஆக்சிசன் செறிவூட்டிகளை ஊர் ஊராக அனுப்பினோம். சிலிண்டர் கரண்ட் போனாலும் மூச்சுத் தரும். செறிவூட்டி கரண்ட் போன நொடியில் நின்றுவிடும். எந்த நிலையத்தில் எத்தனை மணி நேரம் தடையில்லாத மின்சாரம் இருக்கும் என்று தெரியாமல், எங்கே எதை அனுப்புவது என்று முடிவெடுத்திருக்க முடியாது.

இத்தனைக்கும் அந்த மணிக்கணக்கு சுகாதார நிலையத்துக்குள்ளேயே ஓரிடத்தில் எழுதப்பட்டு வருகிறது. ஐ.எல்.ஆர். பெட்டியின் மேல் ஒரு வெப்பநிலைப் பதிவேடு இருக்கும். காலையிலும் மாலையிலும் எத்தனை டிகிரி, கரண்ட் எப்போது போனது என்று அதில் குறிக்க வேண்டும். மேலதிகாரி வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார். இப்போது பல இடங்களில் சிம் கார்டு பொருத்திய கருவியே வெப்பநிலையை அனுப்பிவிடுகிறது. தடுப்பூசிக் குப்பிக்காக நாற்பது ஆண்டுகளாக நாம் வைத்திருக்கும் அந்த ஏட்டில் இன்னொரு பத்தி சேர்த்து, பிரசவ அறையில் கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும், வோல்டேஜையும் எழுதி, மாதக் கடைசியில் மின்வாரியத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒரே தாளாக அனுப்பலாம். எந்த ஃபீடரைப் பிரிப்பது, எந்த நிலையத்துக்குத் தகடு, எங்கே பாட்டரி மாற்றும் தேதி வந்துவிட்டது என்பதையெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத் தீர்மானிக்க முடியும்.